ஆச்சு என்று சொல்லும்வரை

அக்டோபர் 24

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் உன் அத்தானும் சுகம். என் முட்டிவலி மட்டும் மாடிப்படியைக் கண்டால் போதும், நானும் இருக்கிறேன் என்று எட்டிப் பார்க்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை இன்னும் டீயும் ரொட்டியும்தானா? போன தடவை வந்தபோது உன் சட்டை ஹேங்கரில் தொங்குவது மாதிரி இருந்தது.

உங்கள் புகைப்பட மன்றத்தின் வருடாந்திரக் கூடலுக்கு இன்னும் பத்து நாள் கிடக்கிறது, அதற்குள் இங்கே ஒரே அமர்க்களம். உன் அத்தான் பையை மூன்று தடவை கட்டிப் பிரித்துவிட்டார். லிஃப்ட் மெக்கானிக்குக்கு எதுக்குடா கேமரா என்று ஆறு வருஷத்துக்கு முன்னால், நீ அந்தப் பழைய கேமராவை அவர் கையில் திணித்த அன்றைக்கே கேட்டேன். இப்போது வீட்டில் முதல் மரியாதை கேமராவுக்கு, மிச்சம் இருந்தால் எனக்கு. அவர் எடுக்கிற படத்தில் யாருக்காவது தலை போய்விடுகிறது. மன்றத்தில் அவருக்குத் ‘தலைவெட்டி’ என்று பேர் வைத்திருக்கிறீர்களாமே. அதையும் பட்டம் வாங்கியது போலச் சொல்லிக்கொள்கிறார்.

உங்கள் சட்டதிட்டமெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். சனிக்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு பேரும் பேரை எழுதித் தொப்பியில் போட்டுக் குலுக்க வேண்டும். யாருக்கு யார் விழுந்தது என்று வெளியே மூச்சுவிடக் கூடாது. ஞாயிறு காலையில் அந்த ஆளைத் தனியாகக் கூட்டிப் போய், புது ரோலில் ஒரே ஒரு படம். எடுத்தவர் ‘ஆச்சு’ என்று சொல்லும்வரை நிற்கிறவர் தன்பாட்டுக்குக் கலையக் கூடாது. படத்தை அடுத்த வருஷக் கூடலில்தான் கையில் கொடுப்பீர்கள். பெரியவர்கள் ஆடும் கண்ணாமூச்சி என்று சொன்னேன். அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகிறது, இந்த வீட்டில் அவருடைய முழு உருவப் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் இடுப்போடு நின்றுவிடுகிறது. இந்தத் தடவை அவருக்குப் புது ஷூ வாங்கிக் கொடுத்திருக்கிறேன், பழுப்பு நிறம், ராஜா மாதிரி இருக்கிறார். சீட்டு உனக்கு விழுந்தால் தலையிலிருந்து கால் வரைக்கும் முழுசாக எடு. ஷூ தெரிய வேண்டும். உன்னை நம்பித்தான் அனுப்புகிறேன்.

மழைக்கோட்டு எடுத்துக்கொள். உன் சளிக்கு ஆகாது.

உன்னையே நினைக்கும்
அக்கா

டிசம்பர் 3

அன்புள்ள அக்கா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. வேறு எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை. முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன், அதாவது நடமாடுகிறேன்.

அத்தானைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்த மறுநாளே உன்னைத் தனியாக விட்டுவிட்டுக் கிளம்பி வந்தது தப்பு. டியூட்டி என்று சொன்னேன். அது முழு உண்மை இல்லை. அந்த வீட்டில் உன் எதிரே உட்கார என்னால் முடியவில்லை. போனிலும் உன் குரலைக் கேட்டதும் வைத்துவிடத் தோன்றுகிறது. அதனால்தான் கடிதம்.

எப்படி நடந்தது என்று மறுபடியும் கேட்டாய். அன்றைக்குச் சொன்னதுதான் அக்கா. ஞாயிறு காலை எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். அத்தான் தனியாகப் பழைய கல்குவாரிப் பக்கம் போயிருக்கிறார். ஓரத்தில் கால் வழுக்கியிருக்கிறது. சத்தம் கேட்டு முதலில் ஓடியது நான். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

எக்ஸ்ரே அறையில் வேலை வழக்கம் போல. மூச்சை இழுங்க, பிடிங்க, விடலாம். பதினைந்து வருஷமாக இதே பாட்டுத்தான். இப்போது புதிதாக ஒரு பழக்கம் வந்திருக்கிறது. படம் எடுத்து முடித்ததும் ஒவ்வொருவரிடமும் மூன்று நான்கு தடவை ‘ஆச்சு, ஆச்சுங்க’ என்கிறேனாம். எனக்கே தெரியவில்லை. “ஆச்சு சார், அவங்க வீட்டுக்கே போயாச்சு” என்று நர்ஸ் கேலி செய்கிறாள்.

நீ சாப்பிடு அக்கா. தனியாக இருக்கிறோமே என்று அடுப்பை மூடிவிடாதே.

தம்பி

டிசம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை, முட்டிவலி கூட இப்போது பெரிதாகத் தெரியவில்லை. சலவைக் கடைக்குப் போய் வருகிறேன். துணிக்குத் துணி சீட்டைப் பொருத்திக் கட்டி வைக்கிற வேலையில் மனது கொஞ்சம் நிற்கிறது. வீட்டுக்கு வந்தால் நிற்பதில்லை. சாயங்காலம் ஆறரைக்கு லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்து விடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் கவரில் போட்டுக் கொடுத்த பொருள்களை நேற்றுத்தான் பிரித்தேன். ஷூவில் ஒரு கீறல் இல்லை. உள்ளே அளவு எண் ஒட்டிய சீட்டுக்கூட அப்படியே இருக்கிறது. சட்டைப் பையில் அவர் எடுத்த குலுக்கல் சீட்டும் இருந்தது. பல் டாக்டர் பேர் எழுதியிருக்கிறது, உங்கள் செயலாளர்தானே அவர்?

தம்பி, எனக்கு ஒன்று புரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் லிஃப்ட் குழிக்கு மேலே ஒரு பலகையைப் போட்டு நின்று வேலை பார்த்த மனுஷன். வீட்டில் நாற்காலி மேல் ஏறி பல்பு மாட்டினாலும், இறங்கும்போது திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைப்பார். “பார்க்காம பின்னால வைக்கிற கால் நம்ம கால் இல்ல” என்று தனக்குக் கீழே வேலை பார்க்கிறவர்களிடம் சொல்வார். அவருக்கா கால் வழுக்கியது? அவர் தனியாக ஏன் அங்கே போனார்?

அவர் சீட்டு யாருக்கு விழுந்தது என்று விசாரி. ஒருவேளை அந்த ஆள் அதற்கு முன்பே படம் எடுத்திருக்கலாம். அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்ற உங்கள் சட்டம் எனக்குப் பொருந்தாது. அவருடைய கடைசி முகம் எனக்கு வேண்டும். ஆஸ்பத்திரியில் பார்த்ததை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

உன் சளி எப்படி இருக்கிறது? எழுது.

அக்கா

ஜனவரி 25

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். பதில் போட ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. சமையலறைத் தொட்டியில் ஒழுக்கு. குழாய்க்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்து, கடைசியில் வந்து, இருந்ததையும் கெடுத்துவிட்டுப் போனார். வாளி வைத்துப் பிடிக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியிருக்கிறது. எப்படியும் தூக்கம் வருவதில்லை, அதனால் பெரிய தொந்தரவு இல்லை.

அத்தான் படம் பற்றிக் கேட்டாய். யாரிடமும் இல்லை. யாருக்கு அவர் பேர் விழுந்ததோ அவர் எடுப்பதற்கு முன்பே நடந்துவிட்டது போலிருக்கிறது. இனி அவரவரைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? பழைய கூடல்களில் அத்தானை எடுத்த படங்கள் ஐந்து இதோடு வைத்திருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கின்றன.

என் கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். மன்றத்துக்கு இனி போகப்போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

ஐந்து படமும் வந்து சேர்ந்தன. நான் சௌக்கியம். தொட்டி ஒழுக்குக்கு நல்ல ஆளாகப் பார், குழாய்க்காரரை நம்பினால் வீடு நீச்சல் குளமாகும்.

ஒரு படத்தில் டீ குடிக்கிறார், ஒன்றில் கொட்டாவி விடுகிறார். எல்லாம் இடுப்போடு சரி. பார்த்துச் சிரித்தேன், அப்புறம் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டும் அளவுக்கு அழுதேன் என்றால் பார்த்துக்கொள்.

நீ கேட்கச் சங்கடப்படுகிறாய் என்று தெரிகிறது. அதனால் நானே பல் டாக்டருக்கு எழுதிவிட்டேன். மன்றத்தில் ஒவ்வொருவரும் தனக்கு யார் பேர் விழுந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதினால் போதும், ரகசியம் கெட்டாலும் பரவாயில்லை, செத்தவருக்காக இதைச் செய்யுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

எனக்கு வேறு ஆசை ஒன்றும் பாக்கி இல்லை தம்பி. பிள்ளையா குட்டியா? எனக்கென்று இருப்பது நீ ஒருத்தன். அந்தப் படம் ஒன்று கிடைத்தால் சுவரில் மாட்டிவிட்டு, இருக்கிற நாளைத் தள்ளிவிடுவேன்.

அக்கா

பிப்ரவரி 9

அக்கா,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

பல் டாக்டருக்கு எதற்காக எழுதினாய்? எல்லோரும் நொந்து போயிருக்கிறார்கள். ஆளாளுக்குக் கடிதம் எழுதச் சொல்வது நன்றாக இல்லை. நான் அவரிடம் சொல்லி நிறுத்திவிடுகிறேன். படம் என்று ஒன்று இருந்தால் இத்தனை நாளில் வந்திருக்காதா? தயவுசெய்து இதை விட்டுவிடு. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 18

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு உடம்பு பரவாயில்லை. உனக்கு எப்படி இருக்கிறது என்று உண்மையாகவே கேட்கிறேன்.

ஒன்றரை மாதத்துக்கு ஒரு கடிதம் போடுகிறவன், போன தடவை ஐந்தே நாளில் போட்டாய். அதை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று எனக்குத் தெரியாது. பல் டாக்டர் நல்ல மனுஷர். நீ நிறுத்தச் சொன்னதாகவும் எழுதினார், நிறுத்தவும் இல்லை. மருந்துக்கடைக்காரர், பேங்க் மேனேஜர், இரட்டையர் இரண்டு பேர், எல்லோரும் எழுதினார்கள். சிலர் படம் எடுத்து முடித்திருந்தார்களாம், சிலர் எடுப்பதற்குள் சத்தம் கேட்டதாம். ஒருவர் நாலு பக்கம் எழுதி, உன் அத்தான் வெட்டிய தலைகளையெல்லாம் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். படித்தபோது இந்த மனுஷனை எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்று தோன்றியது.

சலவைக் கடையில் என் பிழைப்பே சீட்டுப் பொருத்துவதுதான். பன்னிரண்டு சீட்டு. உன் அத்தான் எடுத்தது என்னிடம் இருக்கிறது. பத்துப் பேர் எழுதிவிட்டார்கள். அந்தப் பதினோரு சீட்டிலும் அவர் பேர் இல்லை. மீதி இருப்பது உன் சீட்டு.

கடையில் ஒரு சீட்டு மீந்தால், எங்கேயோ ஒரு துணி இருக்கிறது என்று அர்த்தம். தேடாமல் கடையைப் பூட்டக் கூடாது.

அவர் அங்கே தனியாகப் போகவில்லை, இல்லையா? சொல்லுடா.

அக்கா

ஜூன் 30

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டரை மாதம் ஆயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். நீ லீவில் இருப்பதாகவும் எப்போது வருவாய் என்று தெரியாது என்றும் ஒரு நர்ஸ் சொன்னாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். அன்று முதல் தினமும் தபால்காரருக்காக வாசலில் நிற்கிறேன்.

நான் கோபத்தில் எழுதவில்லை. எதையும் சொல்ல வேண்டாம். உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி போட்டால் போதும். இன்னொரு கவரைப் பிரிக்க என்னால் ஆகாது.

சாப்பிடுகிறாயா?

அக்கா

ஜூலை 22

அன்புள்ள அக்கா,

உயிரோடு இருக்கிறேன். நீ கேட்டதால் இதை முதலில் எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கும் உரிமை இந்தக் கடிதம் முடியும்போது எனக்கு இருக்காது. அதனால் இப்போதே கேட்டுவிடுகிறேன். நன்றாக இருக்கிறாயா?

என் சீட்டில் அத்தான் பேர்தான் இருந்தது. அன்றைக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஞாயிறு காலை எட்டு மணிக்கு இரண்டு பேரும் குவாரிக்குப் போனோம். பாறையில் வெட்டிய ஒரு தளம். அகலம் பதினைந்து அடி இருக்கும். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் ஒன்றுமில்லை. எனக்குப் பின்னணியில் வெறும் வானம் வேண்டியிருந்தது. ஒரே ஒரு படம்தானே, சரியாக வர வேண்டும் என்ற பிடிவாதம். என் லென்ஸுக்கு இன்னும் தூரம் தேவைப்பட்டது. நான் சுவரோடு முதுகை ஒட்டி நின்றேன், அதற்கு மேல் நான் பின்னால் போக இடமில்லை. அவர்தான் போக வேண்டும்.

ஒரு அடி, இன்னொரு அடி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நீ சொன்ன மாதிரியேதான், ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தார். திரும்பித் திரும்பிப் பார்த்ததில் முகம் இறுகிப்போயிற்று.

“பின்னால பார்க்காதீங்க அத்தான், முகம் மாறிடுது. என்னையே பாருங்க. பின்னால நான் பார்த்துக்கறேன்.”

“நீ பார்த்துக்குவியா? அப்ப சரி.”

அப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்போது அவருக்குப் பின்னால் இரண்டு அடி இருந்தது. நான் பார்த்தேன், அது போதும். அமுக்கினேன். காற்று பலமாக இருந்தது, கிளிக் சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது. எடுத்ததும் ‘ஆச்சு’ என்று சொல்ல வேண்டும், பிறகு ஷட்டர் வேகம், நேரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும். இத்தனை வருஷமாக அப்படித்தான் செய்தேன். அன்று படம் நன்றாக விழுந்துவிட்டது என்ற பூரிப்பில் குனிந்து முதலில் எழுதினேன். இரண்டு வரி. அவர் காத்திருந்திருக்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் சரியாக வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மறுபடியும் பின்னால் போயிருக்கிறார். திரும்பிப் பார்க்கவில்லை, நான் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

எழுதி முடித்து நிமிர்ந்தபோது வானம் மட்டும் இருந்தது.

முகம் தெரியாத ஆளிடம்கூட மூச்சை விடலாம் என்று சொல்லிப் பிழைக்கிறவன் நான். அவரிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

போலீஸிடம் எழுதிக் கொடுத்ததும் பொய். இந்தக் கடிதத்தை எங்கே கொடுக்க வேண்டுமோ கொடு, நான் மறுக்க மாட்டேன். ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். உனக்கு நான் ஒருத்தன் என்று எழுதினாய், எனக்கும் நீ ஒருத்திதான். சொன்னால் எனக்கு யாரும் இருக்க மாட்டார்கள் என்று பயந்தேன். வேறு காரணம் கிடையாது.

ரோல் இதோடு இருக்கிறது. கழுவிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நல்ல ஸ்டூடியோவாகப் பார்த்துக் கொடு.

தம்பி

அக்டோபர் 27

தம்பிக்கு,

நான் இருக்கிறேன். நீ மறுபடியும் வேலைக்குப் போவதாக நர்ஸ் சொன்னாள். போ.

ரோலை ஒரு மாதம் பீரோவிலேயே வைத்திருந்தேன். பிறகு ஸ்டூடியோவுக்கு எடுத்துப் போனேன். “ஒரே படம்தாங்க இருக்கு, மீதி ரோலெல்லாம் வீணாப் போச்சு” என்று அந்த ஆள் வருத்தப்பட்டார். பரவாயில்லை என்றேன். பெரிதாகப் போட்டு வாங்கினேன்.

நல்ல படம். தலையும் இருக்கிறது, காலும் இருக்கிறது. ஷூ பளபளக்கிறது. பின்னால் நீ சொன்ன வானம். உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார். பதினெட்டு வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன். யாரையாவது முழுசாக நம்பினால்தான் அவருக்கு அது வரும்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. வானம், சுவர், லென்ஸ், பிடிவாதம், எல்லாம் எழுதியிருக்கிறாய். அக்கா கேட்டாள் என்று மட்டும் எழுதவில்லை. தலையிலிருந்து கால் வரைக்கும் எடு, ஷூ தெரிய வேண்டும் என்று போன வருஷம் இதே மாதத்தில் நான் எழுதினேன். அந்த ஷூவுக்காகத்தானே அவரைப் பின்னால் போகச் சொன்னாய்? நீ அதை எழுதியிருந்தால் உன்னை வெறுத்திருப்பேன், எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மொத்தத்தையும் நீயே சுமந்துகொண்டு என்னைப் பார்த்துக்கொள்ளப் பார்த்தாய்.

உன் கடிதத்தை எங்கேயும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். ஆனால் மன்னித்தேன் என்று எழுத மூன்று மாதமாக உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. மன்னிக்கவில்லை என்று எழுதவும் வரவில்லை. உன்னை மன்னிக்க நான் யார் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள் காலையில் கண் விழித்ததும், எழுதாமல் ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா பாவி என்று தோன்றுகிறது. இரண்டும் மாறி மாறி வருகிறது. இது தீரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

வருகிற சனிக்கிழமை கூடல். பல் டாக்டர் என்னை அழைத்திருக்கிறார். உன் அத்தான் படம் என்று ஒன்று இருந்தால், எடுத்தவர் கையால் நான் அதை வாங்கிக்கொள்ள வேண்டுமாம். நான் போகவில்லை. நீயும் இங்கே வராதே. உன் முகத்தைப் பார்த்தால் அவர் எதைப் பார்த்துச் சிரித்தார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

படத்தை வாசலுக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். அதற்கு முன்னால் யார் நின்றாலும் நீ நின்ற இடத்தில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. அவர் பார்வை அப்படி. இன்னும் கலையாமல் காத்துக்கொண்டிருக்கிறார். தினமும் காலையில் கடைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு அங்கே ஒரு நிமிஷம் நிற்கிறேன்.

“ஆச்சுங்க” என்று சொல்கிறேன். “ஆச்சு. முன்னால வாங்க.”

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா